கேள்வி கேட்டவளும் பதில் சொன்னவளும்

ஆங்கிலத் துறை மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், புதிதாகச் சேர்ந்திருக்கும் உதவிப் பேராசிரியர்களுக்குப் பயன்படுகிற மாதிரி இருக்க வேண்டும் என்று இப்போதைய துறைத் தலைவர் போனில் கேட்டார். "ஏதாச்சும் பாசிட்டிவா எழுதுங்க மேடம்" என்றும் சொன்னார். பாசிட்டிவான சொற்களையெல்லாம் என் பணிநிறைவு விழாவில் சால்வையோடு சேர்த்துப் போர்த்திவிட்டார்கள். மிச்சம் இருப்பதை எழுதுகிறேன். மலரில் இதைப் போடுவார்களா என்று தெரியாது. போடாவிட்டால் உங்கள் ஒவ்வொருவருக்கும் நானே அனுப்பிவிடுகிறேன்.

அமெரிக்கக் கவிதையும் புனைகதையும் கற்பித்தே என் பணிக்காலம் போயிற்று. பனியன் ஊரில் அதற்கு என்ன வேலை என்று கேட்காத ஆள் கிடையாது. என் அண்ணன் பெருமாநல்லூரில் நிட்டிங் கம்பெனி வைத்திருக்கிறார். நம் கல்லூரி நிர்வாகக் குழுவிலும் இருக்கிறார். "நாங்க அமெரிக்காக்காரனுக்கு பனியன் அனுப்பறோம். அவன் நம்ம அம்மிணிக்குக் கவிதை அனுப்பறானாக்கும்" என்று உறவுக்காரர்கள் கூடுகிற இடத்திலெல்லாம் சொல்லிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். நான் எடுக்கிற பாடத்தால் யாருக்கும் எந்தத் தொந்தரவும் வராது என்று அவர் நம்பியிருந்ததால்தான் அந்தச் சிரிப்பு என்பது எனக்கு வெகுகாலம் புரியவில்லை.

எம்.ஏ. வகுப்பில் ஒவ்வொரு வருடமும் ஒரு சிறுகதை எடுப்பேன். அமெரிக்காவின் தென்பகுதியில் ஒரு சிற்றூர். அங்கே ஒரு கறுப்பினப் பெண் நர்ஸாக இருக்கிறாள். கடைக்காரரின் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது பக்கத்திலேயே உட்கார்ந்து அதைப் பிழைக்க வைத்தவள் அவள்தான். அதே கடைக்கு ரொட்டி வாங்கப் போகும்போது அவள் பின்வாசலில்தான் நிற்க வேண்டும். கதையை முடித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கேட்பேன்: "இந்தப் பின்வாசலை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?"

சினிமாவில் பார்த்தோம் என்பார்கள். தென்னாப்பிரிக்கா என்பார்கள். வரலாறு படித்த யாராவது எழுந்து ஆங்கிலேயர் காலத்துக் கிளப் ஒன்றைப் பற்றிச் சொல்வார்கள். நான் தலையாட்டிவிட்டு அடுத்த கதைக்குப் போவேன். மணி அடிக்கும்போது நல்ல வகுப்பு என்ற திருப்தி இருக்கும்.

ஒரு வருடம் எஸ்தர் எழுந்தாள்.

ஊத்துக்குளிப் பக்கத்தில் ஒரு காலனியிலிருந்து வருகிற பெண். அப்பாவுக்கு டையிங்கில், துணிக்குச் சாயம் போடுகிற பட்டறையில், வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் இவளும் ஒரு கம்பெனியில் தைத்த துணியில் குறை பார்க்கிற செக்கிங் வேலைக்குப் போவாள். வகுப்பில் அதிகம் பேசமாட்டாள், ஆனால் தேர்வுத்தாளில் அவள் எழுதுவது மனப்பாடமாக இருக்காது. கதையோடு சண்டை போட்டு எழுதியிருப்பாள். எனக்கு அது பிடிக்கும்.

"மேடம், தமிழ்ல சொல்லலாமுங்களா?"

"சொல்லு கண்ணு."

"எங்கூரு பேக்கரிக்குப் பின்வாசல் கெடையாதுங்க. எல்லாரும் முன்னாடிதான் நிக்கறோம். ஊருக்குள்ள இருக்கறவங்க வந்தா கண்ணாடி டம்ளர்ல டீ. எங்க தெருக்காரங்க போனா பேப்பர் கப்பு. கேட்டா, 'உங்களுக்குத்தான் சுத்தமாக் குடுக்கறோம்'ம்பாங்க. எங்கப்பா எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து அங்கதான் டீ குடிக்கறாரு. அந்த டம்ளரை ஒருக்காகூடத் தொட்டதில்லீங்க. டையிங்ல அவரோட வேலை செய்யற பீகார்ப் பையன் இப்பத்தான் வந்தான். அவனுக்குக் கண்ணாடி டம்ளர்ல குடுக்கறாங்க. அவன் எங்கப்பாகிட்ட, 'அண்ணா, நீ ஏன் எப்பவும் பேப்பர் கப்புல குடிக்கறே?'ன்னு கேட்டிருக்கறான். 'கைக்குச் சுடாம இருக்கும்'னு சொல்லிட்டு வந்துட்டாராமுங்க எங்கப்பா."

அவள் உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கதையை அத்தனை வருடம் நான் நடத்தியதில் அன்றுதான் அதை ஒருவர் படித்திருந்தார்.

அதே வகுப்பில் அந்தப் பேக்கரிக்காரரின் தம்பி மகன் இருந்தான். அவனோ வேறு யாரோ, போனில் அவள் பேச்சைப் பதிவு செய்திருக்கிறார்கள். சாயங்காலம் அவள் பஸ்ஸில் ஊர் போய்ச் சேர்வதற்குள் ஊர் வாட்ஸப் குழுவில் அவள் குரல் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் முதல்வர் அறையில் ஆட்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளை வேட்டி, மரியாதையான பேச்சு. எங்கள் பக்கத்து ஆட்கள் மிரட்டும்போதுகூட 'ங்க' போட்டுத்தான் மிரட்டுவார்கள். அந்தப் பெண் கடைப் பேரைக் கெடுத்துவிட்டாள், ஊருக்குள் சண்டை மூட்டிவிடப் பார்க்கிறாள், அவளுக்கு அப்படிப் பேச ஊக்கம் கொடுத்தது டீச்சர் என்பது அவர்கள் புகார். டீச்சர் யாரென்று தெரிந்ததும் இன்னும் சூடாகிவிட்டார்கள். ஏனென்றால் அந்தக் கடைக்காரரும் நானும் ஒரே சாதி.

அவர்கள் போனதும் முதல்வர் என்னை அழைத்தார். கோபப்படவில்லை. களைத்துப்போனவர் மாதிரி கேட்டார்.

"மேடம், நீங்க கேட்ட அந்தக் கேள்வி சிலபஸ்ல இருக்குதுங்களா?"

"எந்தக் கேள்விங்க சார்?"

"பின்வாசலை எங்கியாச்சும் பாத்திருக்கீங்களான்னு கேட்டீங்களாமே."

"கதை சிலபஸ்ல இருக்குதுங்க சார்."

"கதை இருக்கட்டுமுங்க. கேள்வி இருக்குதுங்களா?"

அன்று மாலை அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். காரை விட்டு இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"ஏனம்மிணி, இப்படிப் பண்ணிப்போட்டே? கமிட்டில என்ற மூஞ்சியைப் பாத்து ஒவ்வொருத்தனும் கேக்கறான். உங்க தங்கச்சிக்கு நம்மாளுகளைச் சந்திக்கு இழுக்கோணும்னு எத்தன நாளா ஆசைன்னு கேக்கறான்."

"நான் யாரையும் இழுக்கலீங்கண்ணா. வகுப்புல ஒரு கேள்வி கேட்டேன்."

"சரி. இப்பச் சொல்றதைக் கேளு. அந்தப் புள்ள எடம் தெரியாமப் பேசிப்போட்டா, நான் அப்பவே கண்டிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடு. மத்ததை நான் பாத்துக்கறேன். அவ மன்னிப்புக் கேட்டுப்போட்டு ஒக்காரட்டும், இல்லீன்னா டி.சி. வாங்கிட்டுப் போகட்டும். உனக்கென்ன போச்சு?"

"அவ சொன்னது பொய்ன்னு உங்களாலயே சொல்ல முடியாது. அந்தக் கடைல நீங்களும் டீ குடிச்சிருக்கறீங்க. கேட்டது நானுங்கண்ணா. கேட்டுட்டு, பதில் சொன்னவளைக் கண்டிச்சேன்னு எப்படிச் சொல்ல முடியும்?"

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். சின்ன வயதில் நான் பொய் சொல்லி மாட்டிக்கொள்ளும்போது பார்க்கிற அதே பார்வை.

"ஆருமே பதில் சொல்லமாட்டாங்கன்னு தெரிஞ்சுதானே அம்மிணி இத்தன வருசமாக் கேட்டுட்டு இருந்தே?"

காபியைக் குடிக்காமலே கிளம்பிவிட்டார். அவருக்குக் கவிதை தெரியாது, இலக்கியம் தெரியாது. ஆனால் என்னைப் பற்றி எந்த விமர்சகரும் அவ்வளவு சரியாக ஒரு வரி சொன்னதில்லை. அது உண்மையா என்று இன்றைக்கும் நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். உண்மையோ இல்லையோ, அன்றைக்கு அது என்னைப் பின்வாங்க விடவில்லை.

நிர்வாகம் விசாரணைக் குழு அமைத்தது. வெளியிலிருந்து ஒரு மூத்த பேராசிரியரைத் தலைவராகப் போட்டார்கள். பெயரைக் கேட்டதும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவர் என் ஆசிரியர். கோயம்புத்தூரில் நான் படிக்கிற காலத்தில் அவர் வகுப்புக்கு மற்றத் துறை மாணவர்கள்கூட வந்து நிற்பார்கள். அடிமைகளின் பாடல்களையும், அவர்கள் பேரப்பிள்ளைகள் எழுதிய கோபமான கவிதைகளையும் அவர் வாசித்தால் அவருக்கே குரல் உடையும். 'கவிதையைப் படித்தபிறகு உன் தெரு உனக்கு முன்பு போலவே தெரிந்தால் நீ அதைப் படிக்கவில்லை' என்பார். நான் அமெரிக்க இலக்கியத்தை எடுத்ததே அவரால்தான். ஆராய்ச்சியும் அவரிடமே செய்தேன். இங்கே அவர் பெயரை எழுதப் போவதில்லை. உங்களில் சிலருக்கு யாரென்று தெரிந்துவிடும். தெரிந்தவர்கள் தங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

போன் செய்தேன். "உண்மையை மட்டும் பேசும்மா. மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார். அண்ணன் சொன்ன அதே வாக்கியம்தான். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

விசாரணைக்கு முன்பு எஸ்தரின் அப்பா கல்லூரிக்கு வந்தார். துறை வாசலில் நின்றார். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. சாயத்தில் ஊறி ஊறி நகங்களெல்லாம் நீலம் பாரித்திருந்தன.

"எம்புள்ள பொய் சொல்லலீங்க மேடம்."

"தெரியுமுங்க."

"ஆனா அந்தக் கடை வழியாத்தானுங்க நாங்க பஸ்ஸுக்குப் போகோணும்."

அதைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மகளைச் சமாதானப்படுத்துங்கள் என்று கேட்க வந்தாரா, கைவிட்டுவிடாதீர்கள் என்று கேட்க வந்தாரா, எனக்குத் தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது.

அவர் போனபிறகு எஸ்தரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்: "மேடம்தான் உதாரணம் சொல்லச் சொன்னாங்க, அதனால சொன்னேன்னு சொல்லிடு. பழி என்மேல வரட்டும். எனக்கு இன்னும் கொஞ்ச வருசம்தான் சர்வீஸ். நீ படிக்கோணும்."

"யோசிக்கறனுங்க மேடம்" என்றாள்.

விசாரணை நாளன்று எங்கள் இருவரையும் ஒன்றாகத்தான் கூப்பிட்டார்கள். என் ஆசிரியர் நடுவில் உட்கார்ந்திருந்தார். தலை முழுவதும் வெளுத்திருந்தது. குரல் மட்டும் அதே குரல். முதலில் என்னைக் கேட்டார்.

"கதையில பின்வாசல் ஒரு குறியீடு. அதை எதுக்காக ஊர்ப் பேக்கரிக்குக் கொண்டு வந்தேம்மா?"

"அது குறியீடுன்னு நீங்க எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கலியே சார். உன் தெருவைப் பாருன்னுதானே சொல்லிக் கொடுத்தீங்க."

பக்கத்தில் இருந்த முதல்வர் மேஜையைப் பார்த்துக்கொண்டார். என் ஆசிரியர் லேசாகச் சிரித்தார்.

"அது வேற காலம்மா. நாங்க பேசினோம், கைதட்டினாங்க, வீட்டுக்குப் போனாங்க. இப்ப எல்லாருடைய கையிலயும் போன் இருக்கு."

பிறகு அவர் எஸ்தர் பக்கம் திரும்பினார். இப்படியும் ஒரு மனிதர் கனிவாகப் பேச முடியுமா என்று தோன்றும்படி பேசினார்.

"பாரு கண்ணு, நீ நல்லாப் படிக்கிற பொண்ணு. மேடம் சொல்லச் சொன்னதாலதானே சொன்னே? ஆமான்னு ஒரு வார்த்தை போதும். நாளைக்கே நீ வகுப்புக்குப் போகலாம்."

நான் அவளுக்குக் கொடுத்திருந்த அதே வழி. ஏறக்குறைய அதே சொற்கள். என் வாயில் அது தியாகம் போல இருந்தது. அவர் வாயில் கேட்டபோதுதான் அது என்ன என்று தெரிந்தது. அந்தப் பெண்ணுக்குச் சொந்தமாகப் பேச்சு கிடையாது என்று அவளையே ஒப்புக்கொள்ள வைக்கிற வேலை அது. அறையில் இருந்த எல்லாருக்கும் அது வசதியாக இருந்தது, எனக்கும் சேர்த்து.

எஸ்தர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"இல்லீங்க சார். மேடம் கேள்விதான் கேட்டாங்க. பதில் என்னோடது."

"யோசிச்சுச் சொல்லும்மா."

"யோசிச்சுட்டனுங்க சார்."

நான் எழுந்து, அவள் சொன்னது முழுவதும் உண்மை, அதை விசாரிக்க வேண்டிய இடம் அந்தக் கடை, இந்த அறை அல்ல என்றேன். என் ஆசிரியர் பேனாவை மூடினார். "உணர்ச்சிவசப்படாதேம்மா" என்றார். அவரிடம் நான் கற்றுக்கொண்ட முதல் விஷயமே உணர்ச்சிவசப்படுவதுதான்.

முடிவு வந்தது. ஆசிரியையிடம் உள்நோக்கம் இல்லை, பக்குவக் குறைவு மட்டுமே. மாணவி செய்தது ஒழுங்கீனம், எழுத்துமூலம் மன்னிப்புக் கேட்கும்வரை வகுப்புக்கு வரக்கூடாது. எஸ்தர் எழுதிக் கொடுக்கவில்லை. டி.சி. கேட்டு வாங்கிக்கொண்டாள். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மையார் இருந்தார். அவர் காலில் விழாத குறையாகக் கேட்டு, அவளை அங்கே சேர்த்துவிட்டேன். நான் செய்ததாகச் சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருக்கிறது.

அந்தப் பேக்கரியில் கொஞ்ச நாள் எல்லாருக்குமே பேப்பர் கப் கொடுத்தார்களாம். யாரும் எதுவும் சொல்ல முடியாதல்லவா? பேச்சு அடங்கியதும் வழக்கமாக வருகிறவர்களுக்குக் கண்ணாடி டம்ளர் திரும்பி வந்துவிட்டது.

எனக்கும் ஒன்று நடந்தது. அடுத்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்தில் அமெரிக்க இலக்கியத் தாள் விருப்பப் பாடமாயிற்று. அதற்கு அடுத்ததில் காணாமலே போயிற்று. அந்த இடத்தில் ஏற்றுமதி நிறுவனங்களுக்கு உதவுகிற மாதிரி வணிகத் தகவல் தொடர்பு என்று ஒரு தாள் வந்தது. அதை நடத்தும் பொறுப்பு எனக்கு. சரக்கு அனுப்பத் தாமதமானால் சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையருக்கு எப்படி மெயில் எழுதுவது, நிறம் மாறிப்போனால் எப்படி எழுதுவது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். அதில் ஓர் அலகு முழுவதும் மன்னிப்புக் கேட்பது எப்படி என்பதைப் பற்றியது. ஓய்வு பெறும்வரை அதை நடத்தினேன். நன்றாகவே நடத்தினேன்.

என்னோடு ஆசிரியர் அறையில் இருந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்ல. அந்த நாட்களில் ஒவ்வொருவராகத் தனியே வந்து, "நீங்க செஞ்சதுதான் மேடம் சரி" என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார்கள். எல்லாரும் இருக்கும்போது ஒருவரும் சொல்லவில்லை. உங்களுக்கும் இப்படிக் காதோடு சொல்கிறவர்கள் கிடைப்பார்கள். அதைக் கேட்டு மனம் குளிர்ந்துவிடாதீர்கள்.

சில வருடம் கழித்து என் ஆசிரியருக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள். மாணவர்கள் சேர்ந்து ஒரு தொகுப்பு போடுவதாகவும், அதற்கு நான் எழுத வேண்டும் என்றும் கேட்டார்கள். மறுத்துவிட்டேன். அவரே போன் செய்தார்.

"இன்னும் கோபமாம்மா? அந்தப் பொண்ணைக் காப்பாத்த வழி வெச்சேன், அவ போகல. உன் வேலையைக் காப்பாத்தினேன், அது உனக்குப் புரியல."

"காப்பாத்துனீங்க சார். அதனாலதான் எழுத முடியல."

அதன்பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அவர் இறந்தபோது போனேன். அங்கே அவருடைய பழைய மாணவர் ஒருவர் அந்தக் கோபமான கவிதைகளில் ஒன்றை வாசித்தார். குரல் உடைந்தது. எல்லாரும் அழுதார்கள். எனக்குக் கண்ணீர் வரவில்லை என்று எழுத ஆசைதான். வந்தது. அதற்காக என்மேலேயே எரிச்சலாக இருந்தது.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். வகுப்பில் கேள்வி கேட்பது எளிது. அதற்குக் கைதட்டலும் கிடைக்கும், நல்ல ஆசிரியர் என்ற பெயரும் கிடைக்கும். உண்மையான பதில் வருகிற அன்றைக்கு விலை கொடுப்பது பதில் சொன்னவர்தான். கேட்டவருக்குப் பக்குவக் குறைவு என்று எழுதி, வேலையையும் கையில் கொடுத்துவிடுவார்கள். ஆகவே கேட்பதற்கு முன், அந்தப் பதிலோடு எந்த இடம்வரை நடந்து போவீர்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். யோசித்துவிட்டுக் கேட்காமல் இருந்துவிடாதீர்கள். அப்படி இருந்துவிட்டால் இந்தத் துறைக்கும் மன்னிப்பு மெயில் எழுதக் கற்றுத்தருகிற துறைக்கும் வித்தியாசம் இல்லை. இன்னொன்று. நெருக்கடி நேரத்தில் யாராவது மிகவும் கனிவாக ஒரு வழியைக் காட்டினால், அந்த வழி யாருக்கு வசதி என்று பாருங்கள்.

எஸ்தர் எம்.ஏ. முடித்தாள். ஒரு கார்மென்ட்ஸ் ஆபீசில் ஏற்றுமதி ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசராக வேலை பார்த்துக்கொண்டே படித்து உதவிப் பேராசிரியர் தகுதித் தேர்விலும் தேறினாள். நான் ஓய்வு பெற்றதும் என் இடத்துக்கு ஆள் எடுக்க விளம்பரம் வந்தது. எனக்குச் சொல்லாமலே விண்ணப்பித்திருக்கிறாள். நேர்காணலுக்கு முதல் நாள்தான் சொன்னாள். போகாதே என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன உரிமை?

உங்களில் ஒருவர் இப்போது அந்த இடத்தில் இருக்கிறீர்கள். உங்கள்மேல் எனக்கு வருத்தம் கிடையாது. நீங்கள் தகுதியானவராகத்தான் இருப்பீர்கள். நேர்காணல் அன்றைக்கு அந்த வராந்தா நாற்காலியில் உங்களுக்கு முன்னாலோ பின்னாலோ ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள் என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

வெளியே வந்ததும் எஸ்தர் எனக்குப் போன் செய்தாள்.

"எப்படிப் போச்சு?"

"எந்த ஊருன்னு கேட்டாங்க மேடம். சொன்னனுங்க. அந்த ஊருல எந்தப் பக்கம்னு கேட்டாங்க. அதையும் சொன்னனுங்க. ஒருத்தர் இன்னொருத்தரைப் பாத்தாரு. சரி, நீங்க போலாம்னுட்டாங்க."

"பாடத்துல என்ன கேட்டாங்க?"

பின்னணியில் பஸ் ஸ்டாண்டு இரைச்சல் கேட்டது.

"ஒண்ணுமே கேக்கலீங்க மேடம். நான் எல்லாம் படிச்சுட்டுப் போயிருந்தனுங்க."